கை போனது, பிழைப்பு போனது: வேலை செய்ய இயலாதோருக்கு அரசு தரும் உதவிகள் குறித்து ஓர் ஆய்வு

1968 ஜூலையில் ஒடிசாவில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை பார்த்துக்கொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்தார். அவருடைய இடது கையை முழங்கைக்கு மேலே துண்டிக்க வேண்டியதாயிற்று. இழப்பீடு கேட்டு அவர் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் போனார். போனது ஒரு கைதான், சட்டத்தின் அட்டவணைப்படி இது பகுதி இழப்புதான் என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஆணையர் அதை ஏற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-இன் இறுதியில் நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆணையரின் முடிவே சரி என்றது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அந்தத் தச்சருக்கு நேர்ந்தது முழு இழப்பு.

உடல் முடங்கி வேலையை இழந்த ஒருவர் இந்தியாவில் உதவி கேட்டுப் போனால், அவரிடம் பொதுவாக இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. எங்கே, எப்படி அடிபட்டது? ஊனம் எத்தனை சதவீதம்? அந்தத் தீர்ப்பு மூன்றாவதாக ஒன்றைக் கேட்டது: இவர் செய்துவந்த தொழிலைச் செய்து இனிப் பிழைக்க முடியுமா? நம்முடைய திட்டங்களில் எவை முதல் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகின்றன, எவை மூன்றாவதையும் கேட்கின்றன என்று பிரித்துப் பார்த்தால், ஒரே மாதிரி முடங்கிய இருவரில் ஒருவருக்கு ஆயுள் முழுக்க மாதப் பணம் கிடைப்பதும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமல் போவதும் ஏன் என்பது விளங்கும். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் வாழும் ஒரு தொழிலாளிக்குக் கிடைக்கக்கூடிய உதவிகளை அந்த நோக்கில் வரிசையாகப் பார்க்கிறது.

அரசியல் சாசனம் போட்ட இரண்டு பாதைகள்

அரசியல் சாசனத்தின் 41-ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் முடக்கம் ஆகிய நிலைகளில் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்குத் தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. இது வழிகாட்டு நெறி. இதை மட்டும் காட்டி வழக்குப் போட முடியாது.

அதிகாரப் பகிர்வைச் சொல்லும் ஏழாம் அட்டவணையில் இதே பொருள் இரண்டு இடங்களில் வருகிறது. மாநிலப் பட்டியலின் 9-ஆவது இனம், உடல் முடங்கியோருக்கும் வேலைக்கு இயலாதோருக்கும் நிவாரணம் தருவதைப் பற்றியது. பொதுப்பட்டியலின் 24-ஆவது இனம் தொழிலாளர் நலம் பற்றியது. வருங்கால வைப்பு நிதி, முதலாளியின் பொறுப்பு, தொழிலாளர் இழப்பீடு, இயலாமை ஓய்வூதியம் எல்லாம் அதில் அடங்கும். இப்படி ஒரே மனிதர் சம்பளப் பட்டியலில் இருந்தால் ‘தொழிலாளி’, இல்லாவிட்டால் ‘நிவாரணம் பெறுபவர்’ என்று ஆகிறார். முதல் பாதையில் கிடைப்பது சந்தா கட்டியதால் வரும் உரிமை. அது சம்பளத்தின் பங்காகக் கணக்கிடப்படுகிறது. இரண்டாம் பாதையில் கிடைப்பது வறுமையைக் காட்டிப் பெறும் தொகை. எல்லாருக்கும் ஒரே அளவு, அதுவும் சிறிய அளவு. பின்னால் வரும் ஏற்றத்தாழ்வுகள் எல்லாம் இந்தப் பிரிவிலிருந்தே கிளைக்கின்றன.

வேலையில் அடிபட்டால்: இ.எஸ்.ஐ.

முதல் பாதையில் மிக வலுவான ஏற்பாடு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இ.எஸ்.ஐ. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோர் இதில் வருகிறார்கள். மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு இந்த வரம்பு 25,000. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம்.

இ.எஸ்.ஐ. அட்டையை மருந்து வாங்குவதற்கு மட்டும் என்று நினைப்போர் பலர். அதன் ஊன உதவிகள் அதைவிடப் பெரியவை. வேலையில் அடிபட்டுத் தற்காலிகமாக வேலைக்குப் போக முடியாவிட்டால், குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர ஊனம் என்று மெடிக்கல் போர்டு முடிவுசெய்தால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதத் தொகை வரும். முழு இழப்பானால் சம்பளத்தின் 90 சதவீதம். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பவர் பிரஸ்ஸில் விரல் போனாலும் உரிமை உண்டு. பகுதி ஊனத்தோடு வேறு வேலைக்குப் போனாலும் இந்தத் தொகை நிற்பதில்லை. 2010-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், அதற்கும் வேலைக்கும் தொடர்பு காட்ட முடிந்தால், வேலை விபத்தாகவே கருதப்படுகிறது. மெடிக்கல் போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ இ.எஸ்.ஐ. நீதிமன்றத்துக்கோ போகலாம்.

வேலைக்குத் தொடர்பில்லாத நோயால் முடங்கினால் கணக்கு மாறுகிறது. சாதாரண நோய்க்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். இரண்டு ஆண்டாவது சந்தா கட்டிய ஒருவர், வேலைக்கு வெளியே நேர்ந்த காயத்தால் 40 சதவீதமோ அதற்கு மேலோ நிரந்தரமாக முடங்கி வேலையை இழந்தால், ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தில் முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதியும் அடுத்த 12 மாதம் கால்வாசியும் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆலைக்குள் முதுகெலும்பு முறிந்தவருக்கு ஆயுள் முழுக்கப் பணம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் கிணற்றுமேட்டில் விழுந்து அதே முதுகெலும்பு முறிந்தவருக்கு இரண்டே ஆண்டு. உடம்பும் ஒன்று, இழந்த சம்பளமும் ஒன்று. விழுந்த இடம்தான் வேறு.

இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில்: இழப்பீட்டுச் சட்டம்

இ.எஸ்.ஐ. எல்லைக்கு வெளியே உள்ளவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் துணைநின்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு (2020) அதன் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. நிரந்தர முழு ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, வயதுக்கேற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். அந்த எண் 30 வயதில் 207.98, 40 வயதில் 184.17, 50 வயதில் 153.09. கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 8,000-இலிருந்து 15,000 ஆக்கப்பட்டது. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 40 வயதுக் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து முழுதாக முடங்கினால், 9,000-ஐ 184.17-ஆல் பெருக்கக் கிடைக்கும் 16,57,530 ரூபாய் அவருக்கு உரியது. அவர் உண்மையில் மாதம் 25,000 சம்பாதித்திருந்தாலும் கணக்கு 15,000-ஐத் தாண்டாது. பகுதி ஊனத்துக்கு அட்டவணையில் உள்ள சதவீதம் பொருந்தும். இரண்டு கையும் போனால் 100, கட்டைவிரல் போனால் 30, ஒரு கண் போய் மறு கண் நன்றாக இருந்தால் 40 என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட வேண்டும்.

இந்தச் சட்டத்தில் தொழிலாளி தெரிந்திருக்க வேண்டிய சில செய்திகள் உண்டு. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தாலும் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம். இழப்பீடு கேட்க மாட்டேன் என்று முன்கூட்டி எழுதி வாங்கிய தாள் செல்லாது. மருத்துவமனைச் செலவு முழுவதும் முதலாளி பொறுப்பு. பணம் தரத் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாவிட்டால் அபராதமாக 50 சதவீதம் வரை சேரும். தச்சரின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கொடுக்கத் தக்கதாகிவிடுகிறது என்றும் தெளிவாக்கியது.

இவை ஏட்டில் இருக்கும் உரிமைகள். களத்தில் நடப்பது வேறாக இருப்பதற்குக் காரணம், விபத்து நடந்தவுடன் ஆதாரம் சேர்ப்பவர் யாருமில்லை என்பதே. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும்போது ‘வீட்டில் விழுந்துவிட்டார்’ என்று எழுதிவிட்டால், பிறகு வேலையில் அடிபட்டது என்று நிறுவுவது கடினம். அதனால் விபத்துப் பதிவேட்டில் வேலை செய்த இடத்தின் பெயர் இருக்கிறதா என்று உடன் போனவர் பார்க்க வேண்டும். கூட வேலை செய்தவர்களின் பெயர், கூலி கொடுத்த மேஸ்திரியின் பெயர், வங்கிக் கணக்கில் வந்த கூலி ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் பணம் கொடுத்து வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்க வந்தால் போடக் கூடாது. கோரிக்கையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் காலதாமதமின்றிக் கொடுக்க வேண்டும்; 1923 சட்டம் இதற்குத் தந்த காலம் இரண்டு ஆண்டு.

காரணம் கேட்காத ஓய்வூதியம்

பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்பு நிதி என்றதும் சேர்த்த பணம்தான் நினைவுக்கு வரும். அதோடு ஒட்டியிருக்கும் 1995-ஆம் ஆண்டின் ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பத்தி உண்டு. வேலையில் இருக்கும் காலத்தில் நிரந்தரமாக, முழுதாக முடங்கிப்போன உறுப்பினருக்கு அந்தப் பத்தி மாத ஓய்வூதியம் தருகிறது. வழக்கமாக ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். இதற்கு அது தேவையில்லை, ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். முடக்கம் வேலையால் வந்ததா, வீட்டில் வந்ததா, சாலையில் வந்ததா என்ற கேள்வியும் இல்லை. முடங்கும்போது எந்தெந்த வேலைகளைச் செய்யத் திறன் பெற்றிருந்தாரோ, அவற்றைச் செய்ய முடியாமல் போயிற்றா என்பதே அளவுகோல்.

அதாவது, நம் கட்டுரையின் மூன்றாவது கேள்வியை ஒரு மத்திய அரசுத் திட்டம் ஏற்கெனவே எழுத்தில் கேட்டுவிட்டது. குறை தொகையில் இருக்கிறது. ஓய்வூதியச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பது சூத்திரம். 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 ஆண்டு வேலை செய்தவருக்கு இதன்படி ஏறத்தாழ 2,571 ரூபாய் வரும். சேவை குறைவானால் 2014 செப்டம்பர் முதல் குறைந்தபட்சமாக நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபாய். இளம் வயதில் முடங்கியவருக்குத்தான் நீண்ட காலம் பணம் தேவை. ஆனால் சேவை ஆண்டு குறைவு என்பதால் அவருக்கே மிகக் குறைந்த தொகை கிடைக்கிறது. அப்படியிருந்தும் இதைக் கேட்டுப் பெறுவது நல்லது. முடங்கியவர் வேலையைவிட்டு நின்றதும் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவதே வழக்கமாக இருக்கிறது. பணம் எடுக்கும் முன் 10-டி படிவத்தில் ஊன ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்து மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அரசு ஊழியருக்கு வேலையே பாதுகாப்பு

அரசு வேலையில் இருப்பவருக்குச் சட்டம் வேறொரு வகையில் உதவுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு நிறுவன ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே ஊதிய விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். பொருத்தமான இடம் இல்லாவிட்டால், இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை, அவருக்காகவே ஒரு மிகைப் பணியிடத்தை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். 1995-ஆம் ஆண்டின் முந்தைய சட்டத்திலும் 47-ஆம் பிரிவாக இது இருந்தது. காலை இழந்த துணை இராணுவக் காவலர் ஒருவருக்கு ஊன ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதை 2003-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைக் காட்டி ரத்து செய்தது. நிறக்குருடு என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவருக்கு மாற்று வேலை தர வேண்டும் என்று 2025-இலும் அந்த நீதிமன்றம் ஆணையிட்டது.

இந்தப் பிரிவின் நியாயம் ஆழமானது. ஓட்டுநருக்குப் பார்வையில் குறை வந்தால் அவர் ஓட்டுநர் வேலைக்கு ஆகாதவர். மனிதர் எந்த வேலைக்கும் ஆகாதவராகிவிடுவதில்லை. டிக்கெட் அலுவலகத்திலோ பணிமனையிலோ அவருக்கு இடமுண்டு. மாதப் பணத்தைவிட வேலை நிலைப்பது அவருடைய குடும்பத்துக்கும் அவருடைய மரியாதைக்கும் மேலானது. வருந்தத்தக்கது, இந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுவதே. பனியன் கம்பெனியிலோ பட்டாசு ஆலையிலோ வேலை செய்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

வறுமையைக் காட்டிப் பெறும் தொகை

சந்தா கட்டும் வேலையில் ஒருபோதும் இல்லாதவருக்கு மிஞ்சுவது இரண்டாம் பாதை. மத்திய அரசு 2009-இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசிய ஊன ஓய்வூதியம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள 18 முதல் 79 வயது வரையிலானவர்களில் 80 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கு உரியது. அதில் மத்திய அரசின் பங்கு 2012 முதல் மாதம் 300 ரூபாய். மீதியை மாநிலம் போட்டுக்கொள்கிறது.

தமிழ்நாட்டில் இரண்டு துறைகள் தனித்தனியே பணம் தருகின்றன. வருவாய்த் துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000-இலிருந்து 1,500 ரூபாய் ஆனது. இதற்கு இ-சேவை மையம் வழியே விண்ணப்பம் போகும், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்குப் பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தார் முடிவெடுப்பார். மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை. கடுமையான உடல் ஊனம், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், முதுகுத்தண்டுக் காயம், பார்க்கின்சன் நோய் போன்ற வகையினருக்கு அது 2022-இல் 1,500-இலிருந்து 2,000 ரூபாய் ஆனது. கடுமையான உடல் ஊனத்துக்கு 75 சதவீதமும், அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதமும் தேவை. இதற்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுக வேண்டும்.

2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கான உதவி மற்றவர்களுக்கான அதேபோன்ற உதவியைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500. கணக்குப் பார்த்தால் சரியாக 25 சதவீதம். சட்டம் வைத்த கீழ்வரம்பையே இந்தத் தொகை தொட்டு நின்றது. அதே காலத்தில் ஆந்திரப் பிரதேசம் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தை 6,000 ரூபாயாகவும், படுக்கையிலேயே கிடப்போருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்த்தியது. தமிழ்நாட்டு மாற்றுத்திறனாளி அமைப்புகள் ஆந்திரத்தைக் காட்டிக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. மதிய உணவு, பொது விநியோகம், மருத்துவம் ஆகியவற்றில் நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இதில் மட்டும் பின்தங்கி நிற்கக் கூடாது.

இவை தவிர, விபத்துக்கு மட்டுமான சில ஒருமுறைத் தொகைகள் உண்டு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 18 முதல் 70 வயது வரை சேரக்கூடிய பிரதமர் சுரக்ஷா பீமா திட்டம் முழு ஊனத்துக்கு 2 லட்சமும் பகுதி ஊனத்துக்கு 1 லட்சமும் தருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து 20 ரூபாய் பிடிக்கப்பட்டதே தெரியாமல், உரிமை இருந்தும் கேட்காமல் விட்ட குடும்பங்கள் இருக்கக்கூடும். விபத்து நேர்ந்த வீட்டில் பாஸ்புத்தகத்தை எடுத்துப் பார்ப்பது முதல் வேலையாக இருக்க வேண்டும். அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவுசெய்து புதுப்பித்து வருவோருக்கு விபத்து ஊன உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்கத் தவறியவருக்கு அது கைநழுவிப் போகிறது.

சதவீதம் எதை அளக்கிறது?

இந்த இரண்டாம் பாதையின் நுழைவுச்சீட்டு ஊனச் சான்றிதழ். அதைத் தருவது மருத்துவக் குழு. பதிவாவது தேசிய அடையாள அட்டையில். 2024-இல் மாற்றப்பட்ட விதிகளின்படி 40 சதவீதத்துக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குக் கீழ் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம் என்று அட்டையின் நிறமே அளவைச் சொல்லும். 2018-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஊனமுற்றோரில் 28.8 சதவீதம் பேரிடமே சான்றிதழ் இருந்தது. பத்தில் ஏழு பேர் வாசலிலேயே நிற்கிறார்கள்.

உள்ளே போனவரின் சிக்கல் வேறு. சான்றிதழ் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை எவ்வளவு வலுவிழந்திருக்கிறது, பார்வை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளக்கிறது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன வேலை செய்துவந்தார் என்று அது கேட்பதில்லை. சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியது. இடது கை போனால் உடல் ஊனம் ஏறத்தாழ 60 சதவீதமாக இருக்கலாம். இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ ஆனால் அவருடைய வருமான இழப்பு 100 சதவீதம். அரசு எழுத்தரானால் அவர் வேலையே போகாமலிருக்கலாம். ஆகவே ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பின் சதவீதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றது நீதிமன்றம். விபத்துத் தீர்ப்பாயங்கள் பின்பற்றும் இந்த அறிவு, தாசில்தார் அலுவலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. அங்கே 80 என்றால் மத்திய அரசின் பணம் உண்டு, 79 என்றால் இல்லை.

சான்றிதழ் முறைக்குள்ளேயே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. மனநோயால் வரும் ஊனத்தை அளக்கும் ‘ஐடியாஸ்’ என்ற இந்திய அளவுகோல், தன்னைத் தான் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது ஆகியவற்றோடு வேலை செய்யும் திறனையும் தனித்தலைப்பாக மதிப்பிடுகிறது. மனநல மருத்துவர்களால் செய்ய முடிந்ததை மற்றப் பிரிவுகளிலும் செய்ய முடியும். ஒரு மருத்துவரோடு, வேலை நிலைமைகளை அறிந்த ஒருவரையும் குழுவில் சேர்த்தால் போதும்.

விழுந்துபோகிறவர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் எதிலும் சேராமல் விழுபவர்கள் இருக்கிறார்கள். 2016 சட்டம் 21 வகை ஊனங்களைப் பட்டியலிடுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் லாரி ஓட்டுநருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதயம் பலவீனமாகி மாடியேற முடியாத சித்தாளுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு உடம்பு தேறாத விவசாயக் கூலிக்கும் இல்லை. முப்பது ஆண்டு மூட்டை தூக்கி முதுகு போன லோடுமேனுக்குப் பட்டியலில் இடமிருந்தாலும், அவருக்குக் கிடைக்கும் சதவீதம் வாசலைத் தொடாமல் போகலாம். அவரால் குனிய முடியாது, தூக்க முடியாது, அவர் கற்றதோ தூக்கும் தொழில் ஒன்றுதான். மருத்துவக் காப்பீடு இவர்களுடைய மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுகிறது. வீட்டில் அடுப்பெரியும் செலவை அது பார்ப்பதில்லை.

கல்குவாரிகளிலும் கல்லுடைப்பிலும் வேலை செய்து நுரையீரலில் தூசி படிந்து சிலிகோசிஸ் வந்தவர்களின் நிலை இன்னும் தெளிவான சான்று. இழப்பீட்டுச் சட்டம் அதைத் தொழில்நோய் என்று ஏற்கிறது. ஆனால் பத்துக் குவாரிகளில் வேலை செய்த ஒருவர் யாரை முதலாளி என்று காட்டுவார்? இந்தச் சிக்கலை உணர்ந்துதான் ராஜஸ்தான் 2019-இல் தனிக் கொள்கை வகுத்து, நோய் உறுதியானதும் 3 லட்சம் ரூபாயும், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சமும், மாத ஓய்வூதியமும் அரசே தருவதாக அறிவித்தது. முதலாளியைத் தேடும் சுமையைத் தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கியது அதன் சிறப்பு.

பெண்களின் நிலை தனியே சொல்லத்தக்கது. வீட்டு வேலையும் மாட்டு வேலையும் வயல் வேலையும் செய்யும் ஒரு பெண் முடங்கினால், சம்பளச் சீட்டு இல்லை என்பதால் முதல் பாதை அவருக்கு மூடியே கிடக்கிறது. அவர் முடங்கியதும் அவர் செய்த வேலையெல்லாம் மகளின் தலையில் விழுகிறது. மகளின் படிப்பு நிற்கிறது. அதிக ஆதரவு தேவைப்படுவோரைக் கவனித்துக்கொள்பவருக்கு உதவித்தொகை என்பது 2016 சட்டத்திலேயே உள்ள சொல். அதை முழுமையாக நடைமுறைப்படுத்தினால் இந்த இழப்பில் ஒரு பகுதியாவது ஈடாகும்.

மற்ற நாடுகள் கற்ற பாடம்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1889-இல் ஜெர்மனி இயற்றிய சட்டம், சம்பாதிக்கும் திறனை இழந்த தொழிலாளிக்கு, முதுமைக்குத் தருவது போலவே, காப்பீட்டு ஓய்வூதியம் தந்தது. 1952-ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 102-ஆவது உடன்படிக்கை, இயலாமை உதவிக்கு முந்தைய சம்பளத்தில் 40 சதவீதத்தைக் குறைந்தபட்ச அளவாக வைத்தது. அமெரிக்காவில் 1956-இல் தொடங்கிய ஊனக் காப்பீடு, கடுமையான அளவுகோலை வைத்திருந்தாலும் விண்ணப்பித்தவரின் வயது, கல்வி, முன்பு செய்த வேலை ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கிறது.

நெதர்லாந்து 1967-இல் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. காயம் வேலையில் வந்ததா வெளியில் வந்ததா என்ற வேறுபாட்டையே நீக்கி, வேலை செய்ய இயலாத எல்லாத் தொழிலாளிகளுக்கும் ஒரே உதவி என்றது. 1990 வாக்கில் அங்கே பயனாளிகள் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியது. வேலைக்குறைப்பு செய்ய விரும்பிய நிறுவனங்கள் தொழிலாளர்களை ஊனக் கணக்கில் அனுப்பிவைத்ததும் அதற்கு ஒரு காரணம். பிறகு அந்த நாடு நோயுற்ற தொழிலாளிக்கு முதல் இரண்டு ஆண்டு முதலாளியே ஊதியம் தர வேண்டும் என்றும், திரும்ப வேலைக்கு வர உதவ வேண்டும் என்றும் விதித்தது. 2006-இல் எஞ்சிய திறனை மையமாக வைத்த புதிய சட்டத்துக்கு மாறியது. ஆனால் காயத்தின் காரணத்தைக் கேட்கும் பழைய முறைக்கு அது திரும்பவில்லை. செலவு பெருகும், ஏமாற்று வரும் என்று நம் அதிகாரிகள் சொல்லும் அச்சத்துக்கு இதில் விடை இருக்கிறது. முதலாளிக்கும் பொறுப்பு வைத்து, வேலைக்குத் திரும்பும் வழியைத் திறந்து வைத்தால் திட்டம் நிலைக்கும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு வேலைக்கு வெளியே வரும் நிரந்தர முடக்கத்துக்கும் ஆயுள் உதவி வேண்டும். 90 சதவீதம் இல்லாவிட்டாலும் உடன்படிக்கை சொல்லும் 40 சதவீதத்திலாவது தொடங்கலாம்.

இரண்டாவது, ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் இளம் வயதில் முடங்குவோருக்கு, அவர் ஓய்வு வயதுவரை வேலை செய்திருந்தால் வந்திருக்கக்கூடிய சேவை ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவது, மாநில ஓய்வூதியத்தை விலைவாசியோடு இணைத்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். 2012-இன் 300 ரூபாயை இன்றும் 300 ரூபாயாகவே வைத்திருப்பது, ஆண்டுதோறும் அதைக் குறைத்துக்கொண்டே வருவதற்குச் சமம்.

நான்காவது, உழைக்கும் வயதினருக்கான உதவிகளில் ஊனச் சதவீதத்துக்குப் பக்கத்தில் வேலை இயலாமையையும் தனியே மதிப்பிட வேண்டும். 21 வகைப் பட்டியலில் இல்லாத சிறுநீரக, இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு அதுதான் கதவைத் திறக்கும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. அமைப்புசாராத் தொழிலாளிகளுக்கு உயிர் மற்றும் ஊனப் பாதுகாப்புக்கான திட்டங்களை மத்திய அரசு வகுக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டமே சொன்னது. அதே சொற்கள் 2020 சட்டத்தொகுப்பின் 109-ஆம் பிரிவில் மீண்டும் வந்திருக்கின்றன. உணவு விநியோகம் செய்யும் இளைஞர்களைப் போன்ற செயலித் தொழிலாளர்களுக்காக, நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டும் என்ற ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. 109-ஆம் பிரிவின்கீழ் வரப்போகும் திட்டத்தில் ‘ஊனப் பாதுகாப்பு’ என்பது விபத்துக்கு மட்டும் என்று சுருங்கிவிடாமல், எந்தக் காரணத்தால் வந்தாலும், தன் தொழிலைச் செய்து பிழைக்க முடியாமல் போனவருக்கு மாதந்தோறும் வரும் வருமானம் என்று எழுதப்பட வேண்டும். தொழிற்சங்கங்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் சேர்ந்து நின்று கேட்க வேண்டிய ஒரே வரி அது. விதிகளும் திட்டங்களும் வகுக்கப்படும் இந்த நேரமே அதைக் கேட்பதற்கு ஏற்ற நேரம்.